தளர்ந்துபோன கிளட்ச் பெடல்: ஏர் எடுப்பதற்கு முன் தேட வேண்டியது

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒன்பது ஆண்டுப் பழைய கார், 90,000 கிலோமீட்டர் ஓடியது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் கிளட்ச் பெடல் தளர்ந்தது, முதல் கியர் விழ மறுத்தது. ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டதும் ஓரளவு சரியானது. ஊர் திரும்பியபின் பட்டறையில் ஏர் எடுத்தார்கள், அதாவது கிளட்ச் குழாய்க்குள் சேர்ந்த காற்றை வெளியேற்றினார்கள். மூன்று வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி ஆனது. மறுபடி எடுத்தார்கள், மறுபடி தளர்ந்தது. இப்போது பெடலை மூன்று நான்கு முறை அடித்து மிதித்தால்தான் கியர் விழுகிறது. சிக்னலில் கியரில் போட்டு மிதித்தபடியே நின்றால் வண்டி மெல்ல நகரப் பார்க்கிறது. கிளட்ச் ஆயில் நிற்கும் டப்பாவில் அளவு சிறிது குறைந்தும் இருக்கிறது. கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் செட்டை மாற்றிவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். சம்மதிக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளில் பெரும்பாலானவை பெடலுக்குப் பின்னால் இருந்து, மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் காட்டுகின்றன. அதைச் சோதிக்கக் காசு செலவில்லை, ஒரு டார்ச் விளக்கும் உதவிக்கு ஒருவரும் போதும். இரண்டு முறை ஏர் எடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அந்த ஏர் எந்த வழியாக உள்ளே வந்தது என்று யாரும் தேடவில்லை என்று பொருள். மூடிய குழாய்க்குள் காற்று தானாகப் பிறப்பதில்லை. எங்கோ ஒரு ரப்பர் பிடி விட்டிருக்கிறது, அல்லது ஆயில் கெட்டுக் கொதித்திருக்கிறது, அல்லது டப்பாவில் அளவு குறைந்து காற்று இறங்கியிருக்கிறது. காரணத்தை விட்டுவிட்டுக் காற்றை மட்டும் வெளியேற்றினால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

ஹைட்ராலிக் கிளட்ச், அதாவது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச், எவ்வளவு சின்னக் கணக்கில் ஓடுகிறது என்பதை முதலில் சொல்கிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானே விளங்கும். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 5/8 அங்குலம், கியர் பாக்ஸ் பக்கத்தில் அந்த ஆயிலை வாங்கிக்கொள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் உள்விட்டம் 3/4 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம்; சிறிய, நடுத்தர வண்டிகளில் இவை பழக்கமான அளவுகள். பெடலை முழுக்க மிதிக்கும்போது மாஸ்டரின் பிஸ்டன் 25 மில்லிமீட்டர் நகர்ந்தால், அது தள்ளுகிற ஆயில் ஏறத்தாழ 5 மில்லிலிட்டர். அதாவது ஒரு தேக்கரண்டி. அந்த ஒரு தேக்கரண்டி ஆயில்தான் ஸ்லேவ் பிஸ்டனை 17 மில்லிமீட்டர் தள்ளி, ஃபோர்க் என்ற நெம்புகோலை அசைத்து, கிளட்ச் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தி, இன்ஜினையும் கியர் பாக்ஸையும் பிரிக்கிறது. குழாயில் ஒரே ஒரு மில்லிலிட்டர் காற்று இருந்தால்கூட, அழுத்தத்தில் அது சுருங்கிப்போய்த் தன் இடத்தைக் காலி செய்துவிடும். ஸ்லேவின் நகர்வில் மூன்றரை மில்லிமீட்டர் போய்விடும். கிளட்ச் முழுதாக விடுபடாமல் டிஸ்க் உரசிக்கொண்டே சுற்றும். முதல் கியரும் ரிவர்ஸும் கரகரவென்று சண்டை போடுவது இதனால்தான். பிரேக்கில் இதே அளவு காற்று இருந்தால் பெடல் சற்று மெத்தென்று இருக்கும், வண்டி எப்படியோ நின்றுவிடும். கிளட்ச் அப்படிப் பொறுத்துப் போகாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிளட்ச் குழாய் ஒரு முட்டுச்சந்து. மிதிக்கும்போது போகிற அதே தேக்கரண்டி ஆயில்தான் விடும்போது திரும்பி வருகிறது. ஸ்லேவின் அருகில் இருக்கும் ஆயில் டப்பாவுக்கு வந்து சேர்வதே இல்லை. ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்து, ரப்பர் துகளும் ஈரமும் சேர்ந்து கறுத்துப் போகிறது. மேலே டப்பாவைத் திறந்து பார்த்து "ஆயில் நன்றாகத்தானே இருக்கிறது" என்று முடிவு செய்வது தவறு. கீழே ஸ்லேவில் ஏர் எடுக்கத் திறக்கும் திருகான நிப்பிளிலிருந்து வருகிற முதல் சொட்டைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கொல்லிமலையில் நடந்ததற்கு இதுவே விளக்கம் என்று நினைக்கிறேன். கிளட்சிலும் ஓடுவது நாம் பிரேக் ஆயில் என்று சொல்லும் திரவம்தான்; அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புட்டியில் DOT என்று போட்டிருக்கும் தரக்குறியில் டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 சதவீதம் நீர் கலந்த பிறகு அது 155 டிகிரி வரை இறங்க இடமுண்டு. டாட் 3 வகையில் இந்த எண்கள் 205, 140. மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் அரை கிளட்சில் வண்டியை இழுக்கிறோம். கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் நன்றாகச் சூடேறுகிறது, ஸ்லேவ் அதன்மேலோ அதற்குள்ளேயோ உட்கார்ந்திருக்கிறது. பழைய ஆயிலில் இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழாகிவிட்டால் பெடல் காற்றை மிதிப்பது போலத்தான் இருக்கும். ஆறியதும் ஆவி மீண்டும் நீராகும், பெடல் திரும்பி வரும். உங்களுக்கு மலையில் மட்டும் இப்படி நடந்திருந்தால், ஆயிலை முழுதாக மாற்றினால் போதும் என்று சொல்லி முடித்திருப்பேன். ஊருக்குள்ளும் தொடர்வதால் மேலே தேட வேண்டியிருக்கிறது.

சிக்னலில் வண்டி மெல்ல நகரப் பார்க்கிறது என்றீர்களே, அதுதான் எனக்கு மிக முக்கியமான தகவல். காற்று இருந்தால் பெடல் முதலிலிருந்தே மெத்தென்று இருக்கும். மிதித்து வைத்திருக்கும் நேரத்தில் நிலைமை மேலும் மோசமாகாது. மிதித்த நொடியில் கிளட்ச் விடுபட்டு, அரை நிமிடத்தில் தானே பிடிக்கத் தொடங்குகிறது என்றால், அழுத்தம் எங்கோ கசிகிறது. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் முதன்மை ரப்பர் கப் தேய்ந்தால், ஆயில் அதன் ஓரமாக வழுகிப் பின்பக்கம் போய் டப்பாவுக்கே திரும்பிவிடும். வெளியில் ஒரு சொட்டுக்கூடத் தெரியாது, அளவும் குறையாது. பெடலை அடித்து மிதித்தால் சரியாவதன் காரணமும் இதுவே. ஸ்லேவ் முழுக்கப் பின்வாங்குவதற்குள் நீங்கள் அடுத்த மிதியைக் கொடுத்துவிடுகிறீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் டப்பாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் ஆயில் குழாய்க்குள் சேர்கிறது.

ஆனால் உங்கள் டப்பாவில் அளவும் குறைகிறது. ஆகவே வெளிக்கசிவையும் பார்த்தாக வேண்டும். டிரைவர் பக்கம் தரையில் மண்டியிட்டு, டார்ச் அடித்து, கிளட்ச் பெடலிலிருந்து இன்ஜின் பக்கத்துச் சுவருக்குள் போகும் புஷ் ராடைக் கண்டுபிடியுங்கள். அது உள்ளே போகும் இடத்தில் ஒரு ரப்பர் பூட் இருக்கும். அதன் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஈரமாக, வழவழப்பாக இருந்தால் மாஸ்டரின் பின்பக்க ரப்பர் போய்விட்டது, விவாதமே இல்லை. கால் மிதியடியைத் தூக்கி அதன் அடியையும் பாருங்கள். சுவரில் பெயின்ட் உரிந்து கோடாக இறங்கியிருந்தால் அதுவும் இந்த ஆயிலின் வேலைதான். சொட்டு எதுவும் தெரியாவிட்டாலும் மாஸ்டரை விடுவித்துவிடாதீர்கள். அழுத்தத்தைத் தாங்கும் ரப்பர், பெடல் வேகமாகத் திரும்பும்போது ஏற்படும் உறிஞ்சலில் காற்றை உள்ளே விடலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை காற்று சேர்வது பெரும்பாலும் இந்த வகைதான்.

அளவு குறைவதற்கு இன்னொரு சாதுவான காரணமும் உண்டு. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. பிரேக் பேட் தேயத் தேய, பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன்கள் வெளியே வந்து அந்த இடத்தை ஆயில் நிரப்பிக்கொள்ளும். மேலே அளவு இறங்கும். இது கசிவே இல்லை. அதனால் பேட்களின் தடிமனையும் சேர்த்துப் பாருங்கள். பொது டப்பாவில் கிளட்சுக்குப் போகும் குழாய் பக்கவாட்டில் சற்று உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கும். கிளட்ச் பக்கம் எவ்வளவு கசிந்தாலும் பிரேக்குக்கு ஆயில் மிச்சமிருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அதே காரணத்தால், அளவு கொஞ்சம் குறைந்தாலே முதலில் காற்று குடிப்பது கிளட்ச்தான்.

அடுத்து கீழே போக வேண்டும். கல்லோ மரக்கட்டையோ சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஸ்டாண்டு வைத்த பிறகே வண்டிக்கு அடியில் தலையை நீட்டுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்கவே கூடாது. உங்கள் காரில் ஸ்லேவ் வெளியில் இருக்கிறதா, கியர் பாக்ஸுக்கு உள்ளே இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வெளியில் இருந்தால் நல்ல காலம். அதன் ரப்பர் பூட்டைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் ஸ்லேவும் போய்விட்டது. பிறகு உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து, இன்ஜின் அணைந்த நிலையில் பெடலை மெதுவாக முழுக்க மிதிக்கச் சொல்லி, ஸ்லேவின் ராட் எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அரை அங்குலத்தைக்கூட எட்டவில்லை என்றால் கோளாறு ஹைட்ராலிக்கில் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். ராட் முழுசாக நகர்ந்து, அப்படியே நின்று, அதற்குப் பிறகும் கியர் விழவில்லை என்றால்தான் உள்ளே போக வேண்டும்: விரிசல் விட்ட ஃபோர்க், தேய்ந்த விரல்கள், வளைந்த டிஸ்க், டிஸ்க் நகரும் தண்டின் பல்வரிசையான ஸ்ப்லைனில் துரு. பட்டறைக்காரர் கியர் பாக்ஸை இறக்கலாம் என்று சொல்லும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: ராட் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது, அளந்தீர்களா?

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் உறவினர் வண்டிக்கு இதே கோளாறு வந்தபோது, அளக்காமல், பிளேட் தேய்ந்திருக்கும் என்று நானே சொல்லி கியர் பாக்ஸை இறக்கவைத்தேன். புது டிஸ்க், புது பிரஷர் பிளேட், புது பேரிங். வண்டி வெளியே வந்த அன்று மாலையே ரிவர்ஸ் விழவில்லை. பெடலுக்குப் பின்னால் கையை விட்டபோதுதான் பூட் நனைந்திருப்பது தெரிந்தது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அவர் எடுத்துவைத்திருந்த பணம் அது. அன்றிலிருந்து பெடலுக்கு அடியில் பார்க்காமல் எந்த வண்டிக்கும் நான் கருத்துச் சொல்வதில்லை.

கிளட்ச் வழுக்குவதையும் கிளட்ச் விடுபடாததையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது வழுக்கல். டிஸ்க் தேய்மானம் அங்கேதான் முதல் சந்தேகம். உங்களுடையது நேர் எதிர். இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் வெண்ணெய் போல விழுகிறது, ஓடும்போது விழவில்லை என்றால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. தேய்ந்த டிஸ்க் பொதுவாக இந்த நோயைக் கொடுப்பதில்லை.

சில பட்டறைகளில் புஷ் ராடின் நட்டைத் திருகிப் பெடலை உயர்த்திக் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்குக் கியர் விழும். ஆனால் பெடல் ஓய்வில் இருக்கும்போது மாஸ்டரில் ஒரு சின்னத் துளை திறந்திருக்க வேண்டும். சூட்டில் விரியும் ஆயில் அதன் வழியாக டப்பாவுக்குப் போகும். ராடை அளவுக்கு மீறி நீட்டினால் அந்தத் துளை மூடிக்கொள்ளும், அழுத்தம் உள்ளேயே தங்கும், ஓடும்போதே கிளட்ச் பாதி மிதித்த நிலையில் இருக்கும். நல்ல டிஸ்க் சில நூறு கிலோமீட்டரில் கருகிவிடும். உங்கள் வண்டியில் அப்படித் திருகியிருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். பெடலின் தொடக்கத்தில் சில மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும்.

ரப்பர் ஹோஸ் இருக்கும் வண்டிகளில் இன்னொரு சோதனை செய்யலாம். ஹோஸை நசுக்கும் வட்ட முனைக் கிளாம்பால் ஸ்லேவுக்கு அருகில் இறுக்கிவிட்டுப் பெடலை மிதியுங்கள். கல் போல நின்றால் மாஸ்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு கீழே. கிளாம்ப் போட்ட பிறகும் பெடல் மெல்ல அமிழ்ந்தால் மாஸ்டரை மாற்றுங்கள். பிளாஸ்டிக் குழாய் உள்ள கார்களில் இதைச் செய்யவே கூடாது, குழாய் உடைந்துவிடும். ஸ்லேவ் உள்ளே இருக்கும் கார்களில் பெல் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் சின்னத் துவாரத்தைப் பாருங்கள். அங்கே சொட்டுவது இன்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா, பிரேக் ஆயிலா என்று கண்டுபிடிப்பது எளிது. பிரேக் ஆயில் நீர்த்தாக இருக்கும், தண்ணீரில் கழுவினால் போய்விடும். மற்ற இரண்டும் தண்ணீருக்கு மசியாது. பிரேக் ஆயில்தான் என்று உறுதியானால் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். அப்படி இறக்கினால் டிஸ்க், பிரஷர் பிளேட், ஸ்லேவ் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கூலி எப்படியும் ஒன்றுதான்.

மாஸ்டர்தான் என்று முடிவானால் உள்ளே இருக்கும் ரப்பர்களை மட்டும் மாற்றிக் கிட் போட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். சிலிண்டரின் உட்சுவரை நகத்தால் தடவினால் பளிங்கு போல இருந்தால் போடலாம். ஒரு புள்ளி அரிப்போ கீறலோ இருந்தால் புது ரப்பரை அது சில மாதங்களில் தின்றுவிடும். ஒன்பது ஆண்டு ஆன வண்டிக்கு நான் முழு சிலிண்டரையே வாங்கச் சொல்வேன்.

இனி ஏர் எடுக்கும் முறை. முத்திரை பிரிக்காத அரை லிட்டர் புட்டி வாங்குங்கள். டப்பா மூடியில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதே வகை. டாட் 5 என்பது சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்காது, பெயரில் எண் கூடுதல் என்பதற்காக அதை வாங்கிவிடாதீர்கள். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலும் ரப்பர்கள் ஊதிப்போகும், புனல் சுத்தமாக இருக்கட்டும். இந்த ஆயில் பெயின்டைத் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கீழே மல்லாந்து படுத்திருக்கும்போது முகத்தில் சொட்டுவது இதுதான்.

நிப்பிளை முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிடுங்கள். திறக்கும்போது ரிங் ஸ்பேனரைத்தான் பயன்படுத்த வேண்டும். திறந்த வாய் ஸ்பேனர் அதன் முனைகளை உருட்டிவிடும், பிறகு பெரும்பாடு. நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் இருக்கும் புட்டிக்குள் அமிழ்த்துங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக முழுக்க மிதித்துப் பிடிக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, ஆயிலும் குமிழும் வந்து நின்றதும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்கலாம். இந்த வரிசை ஒருமுறை தவறினாலும் போன காற்று திரும்பி வந்துவிடும். "மிதித்தேன்", "திறந்தேன்", "மூடினேன்", "விடுகிறேன்" என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். ஏர் எடுக்கும்போது கிளட்ச் பெடல் தானாக மேலே வராது. கையால் தூக்கிவிட வேண்டும். ஐந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். பொது டப்பாவாக இருந்தால் அளவு இறங்கிவிடாமல் காப்பது உங்கள் பிரேக்கையும் காப்பதாகும்.

அவசரமாகப் பம்ப் செய்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வேகமாக மிதித்தால் ஒரு பெரிய குமிழ் நூறு சின்னக் குமிழாக உடைந்து நுரையாகிவிடும், அது நிப்பிளுக்கு வராது. அப்படி ஆகிவிட்டால் மூடியைத் தளர்த்தி வைத்து, பெடலைத் தொடாமல் ஓர் இரவு விட்டுவிடுங்கள், மறுநாள் தொடருங்கள்.

எவ்வளவு எடுத்தும் பெடல் இறுகவில்லை என்றால் கீழிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். காற்று மேலேதான் ஏறும், நாமோ அதைக் கீழே தள்ளப் பார்க்கிறோம். குழாயில் மேடு பள்ளம் இருந்தால் மேட்டிலேயே தங்கிவிடும். புது ஊசிக்குழலில் ஆயில் நிரப்பி, டியூபை நிப்பிளில் மாட்டி, காற்று இல்லாமல் மெதுவாகத் தள்ளினால் குமிழ்கள் டப்பாவில் கொப்புளிப்பதைப் பார்க்கலாம். பழைய கறுத்த ஆயிலை முன்கூட்டியே கீழ்வழியாக வெளியேற்றிவிட்டு இதைச் செய்யுங்கள், இல்லையென்றால் அந்த அழுக்கையெல்லாம் மாஸ்டருக்குள் ஏற்றிவிடுவீர்கள். டப்பா வழியாமல் இருக்க முதலிலேயே பாதியை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வெளியில் இருக்கும் ஸ்லேவைக் கழற்றி, நிப்பிள் உச்சியில் இருக்கும்படி சாய்த்துப் பிடித்து, ராடை உள்ளே அழுத்தி வைத்தபடி எடுத்தாலும் மூலையில் ஒளிந்த காற்று வெளியேறும். ஸ்லேவ் தொங்கும் நிலையில் மட்டும் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் பிதுங்கி வெளியே வந்துவிடும். உள்ளே இருக்கும் வட்ட வடிவ ஸ்லேவுக்கும் இதே விதிதான்: கியர் பாக்ஸ் முழுதாகப் பொருந்தும்வரை பெடலில் கால் படக் கூடாது.

புது மாஸ்டர் போடுகிறீர்கள் என்றால், வண்டியில் மாட்டும் முன் அதை வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, பிஸ்டனை மெதுவாகத் தள்ளித் தள்ளிக் குமிழ் நிற்கும்வரை காற்றை எடுத்துவிடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு, பெடலை மிதித்து ஐந்து நொடி பொறுத்து, ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். பிறகு பெடலை ஒரு நிமிடம் மிதித்தபடியே இருந்து, மறுபடி ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். முதல் முறை விழுந்து இரண்டாம் முறை கரகரத்தால் அழுத்தம் இன்னும் கசிகிறது. இரண்டிலும் நன்றாக இருந்தால் டப்பாவில் அளவுக்கு நேரே பேனாவால் ஒரு கோடு போட்டு, தேதியும் எழுதி வையுங்கள். ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது என் வழக்கம். அடிக்கடி மலை ஏறும் வண்டி என்றால் தள்ளிப்போடவே மாட்டேன்.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோவதற்கு முன் இரண்டு பதில்களை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். பெடலுக்குப் பின்னால் இருக்கும் பூட் ஈரமா, காய்ந்திருக்கிறதா? ஸ்லேவ் வெளியில் இருந்தால் ராட் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது? பூட் ஈரமாக இருந்தால் மாஸ்டரை வாங்கிவிடுங்கள், என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.